நலிவே முதல் நோய்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் "மாண்டஸ்" புயலோடு வந்த கடுங்குளிர், வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆடுமாடுகளைப் பலிகொண்டது. பட்டி பட்டியாக அவை மடிந்து கிடக்கக் கண்ட மக்கள், ஏதோ கொள்ளைநோய் புகுந்துவிட்டதென்று அஞ்சினர். பேராதனை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமோ ஆராய்ந்து பார்த்து, குளிரின் தாக்கமே காரணம் என அறிவித்தது.

அத்தோடு விவகாரம் தீர்ந்ததென்று அரசாங்கம் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மழையில் ஊறிய தோல் உடற்சூட்டைக் காப்பதில்லை. எஞ்சிய சூட்டையும் வாடைக்காற்று வாரிச் செல்கிறது. அவ்வேளை வயிற்றில் தீவனம் இருந்தால், அது செமிக்கும்போது எழும் வெப்பம் உயிரைத் தாங்கும். ஒதுங்கக் கூரையின்றி, ஒட்டிய வயிற்றோடு வெட்டவெளியில் நின்ற விலங்குக்கு அத்துணையும் இல்லை. பசி தொடங்கியதையே குளிர் முடித்து வைத்தது.

கிருமியால் வரும் சாவும் இவ்விதிக்கு விலக்கன்று. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், கசகஸ்தான் புல்வெளிகளில் சைகா என்னும் காட்டு மான்கள் மூன்று வாரங்களுள் ஏறக்குறைய 200,000 மாண்டன. கொன்றது ஒரு பற்றீரியா. ஆனால் அது நலமான மான்களின் தொண்டையில் முன்பே தீங்கின்றி வாழ்ந்திருந்தது என்றும், வழமைக்கு மாறான வெப்பமும் காற்றின் ஈரப்பதனுமே அதனைக் கிளர்ந்தெழச் செய்தன என்றும் ஆராய்ந்தோர் 2018இல் முடிவு கூறினர். எமது எருமைகளையும் மாடுகளையும் மாரிகாலத்தில் தாக்கும் தொண்டை அடைப்பானுக்கும் அதே இனக் கிருமியே காரணம்.

வேளாண்மை செய்வோருக்கு இது புதுமையன்று. யூரியாவை அளவுக்கு மீறி வீசிய வயலில், பனியும் தூறலும் இலையை நெடுநேரம் நனைத்து வைக்கும்போதுதான் எரிபந்தம் விரைந்து பரவுகிறது.

காட்டு விலங்கின் நலிவுக்கோ நாட்டு மனிதரே பொறுப்பு. அஷ்ரப் நகரை அடுத்த பள்ளக்காட்டில் எமது கரையோர ஊர்களின் குப்பை திறந்தவெளியில் கொட்டப்பட்டு வந்தது. 2022 ஜனவரியில் அங்கு மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய 8 ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் மாண்டன என்ற கணக்கும் அப்போது வெளிவந்தது. வயிற்றில் இருந்தவை பொலித்தீனும் பிளாஸ்டிக்கும். செமிக்காத குப்பையால் வயிறு நிறைந்த யானை, உண்ண முடியாமற் பட்டினியால் சாகிறது. யானையைச் சுடுபவனைத் தண்டிக்க 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் உண்டு. குப்பை கொட்டும் சபைகள்மீது அத்தகைய கண்டிப்பு ஏன் காட்டப்படவில்லை என்று கேட்கிறோம்.

மேய்ச்சற்றரை சுருங்கச் சுருங்க, மாடுகள் காட்டோரம் ஒதுக்கப்படுகின்றன. அங்கே மானும் காட்டெருமையும் அருந்தும் அதே மடுவில் அவையும் நீர் அருந்துகின்றன. ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொற்றுகிறது. வட்டமடுவில் கால்நடை வளர்ப்போரும் நெற்செய்கையாளரும் பல்லாண்டுகளாக முரண்பட்டு வந்தமை எவருக்கும் நன்மை பயக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசி, ஒரே மாரியில் நனையும் இம்மண்ணில், அவ்வழக்கைத் தீர்க்காது நீட்டுவோருக்கே அதனால் ஆதாயம்.

நாம் கோருவன மிகையானவையல்ல. மேய்ச்சற்றரையின் எல்லையை அளந்து சட்டப்படி உறுதி செய்க. சிறுபோக அறுவடைக்குப் பின் வயலிலே எரிக்கப்படும் வைக்கோலைப் பட்டிகளுக்குச் சேர்க்கச் சங்கங்கள் முன்வருக. மாரி தொடங்குமுன் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி இடுக. மேட்டு நிலத்தில் கொட்டில் அமைக்க உதவுக. குப்பையைத் தரம் பிரிக்காமலும் வேலியிடாமலும் கொட்டுவதை உள்ளூராட்சிச் சபைகள் அடியோடு நிறுத்துக.

செத்த மாட்டை எண்ணி நட்டஈடு வழங்குவது எளிது. அம்பாறைக் கச்சேரி ஆண்டுதோறும் செப்டெம்பரிலேயே கூடி, உயிரோடிருக்கும் மாட்டை எண்ணட்டும்.