வெட்கப்பட வேண்டியது யார்?

பாஞ்சாலியின் கதையை அறியாதவர் உண்டா? தருமன் சூதாடி நாட்டைத் தோற்றான். தம்பியரைத் தோற்றான். மனைவியையும் தோற்றான். நிறைந்த சபையில் துச்சாதனன் அவள் சேலையைப் பற்றி இழுத்தான். பெரியவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணன் அருளால் சேலை வளர்ந்தது. மானம் பிழைத்தது.

கண்ணன் வராமல் போனால்?

வங்காள எழுத்தாளர் மகாசுவேதா தேவி 1970-களில் "திரௌபதி" என்று ஒரு சிறுகதை எழுதினார். அதில் வருபவள் அரசி அல்ல. சந்தால் பழங்குடிப் பெண். படையினர் அவளைப் பிடித்து, இரவு முழுவதும் சீரழிக்கிறார்கள். பொழுது விடிகிறது. துணியைக் கொடுத்து, அதிகாரியிடம் வரச் சொல்கிறார்கள். அவள் அந்தத் துணியைக் கிழித்தெறிகிறாள்! காயம்பட்ட உடம்போடு நிமிர்ந்து நடந்து, அதிகாரியின் எதிரில் போய் நிற்கிறாள். கையில் ஆயுதம் இல்லாத அவளைக் கண்டு அவன் அஞ்சுகிறான்.

மேடையில் எழுந்த புயல்

2000-ம் ஆண்டில் மணிப்பூர் நாடக ஆசிரியர் கன்ஹைலால் இக்கதையை மேடை ஏற்றினார். அவருடைய மனைவி சாவித்திரி நாயகியாக நடித்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அவர், கடைசிக் காட்சியில் ஆடை களைந்து நின்றார். இம்பாலில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2004 ஜூலையில், படையினர் பிடித்துச் சென்ற ஓர் இளம்பெண் பிணமாகக் கிடந்தாள். பலாத்காரம் செய்து கொன்றுவிட்டார்கள் என்று ஊரே கொதித்தது. ஜூலை 15-ந் தேதி, படை முகாம் இருந்த காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் ஆடையின்றி நின்று நீதி கேட்டார்கள்!

நாடகம் பார்த்துத்தான் அவர்கள் இப்படிச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பெற்ற வயிற்றின் வேதனையே அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அடுத்த மாதமே, ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் இம்பால் நகராட்சிப் பகுதியில் விலக்கப்பட்டது. நவம்பரில் படையினர் கோட்டையை விட்டு வெளியேறினர்.

பாஞ்சாலி கேட்ட கேள்வி

புராணக் கதையை இப்படி மாற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாரதத்திலேயே பாஞ்சாலி சும்மா இருக்கவில்லை. தன்னையே தோற்றுவிட்டவன் மனைவியைப் பணயம் வைக்கலாமா என்று சபையைக் கேட்டாள். பீஷ்மரும் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பழைய கேள்வியைத்தான் மணிப்பூர் மேடை மறுபடியும் கேட்டது.

ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தால் நாம் என்ன செய்கிறோம்? "வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும்" என்று அவள் வாயை அடைக்கிறோம். செய்தவன் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறான்! இது என்ன நியாயம்?

மகள் அழுதுகொண்டு வந்து சொன்னால், பெற்றோர் முதலில் அவளை நம்ப வேண்டும். பிறகு துணிந்து போலீசுக்குப் போக வேண்டும். வெட்கம் குற்றம் செய்தவனுக்கு உரியது. வாய் மூடி உட்கார்ந்திருக்கும் சபைக்கும் அதில் பங்கு உண்டு.