பெட்டியில் கசகசா இருக்கிறதா?

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோரின் பெட்டியில் துணிமணியைவிடப் பொடிகள்தான் அதிகம். சாம்பார் பொடி, பருப்புப் பொடி எல்லாம் சரி; குருமாவில் அரைத்துவிடும் கசகசா மட்டும் கூடவே கூடாது. ஓபியம் எடுக்கும் செடியின் விதை என்பதால், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தாரில் அதற்குத் தடை. ‘தெரியாமல் கொண்டுவந்தேன்’ என்றாலும் சிறைக்குப் போக நேரலாம். கடையில் வாங்கிய மசாலா பாக்கெட்டிலும் சேர்மானங்களைப் படித்துப் பாருங்கள். குருமா கெட்டியாக முந்திரியோ பொட்டுக்கடலையோ போதும்.

மருந்திலும் கவனம் தேவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றை அமீரகத்துக்குக் கொண்டுபோக அந்நாட்டு அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். எந்த மருந்தானாலும் டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

‘எங்க பையன்கிட்ட கொடுத்துடுங்க’ என்று பக்கத்து வீட்டார் தரும் பார்சலா? பிரித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. விமான நிலையத்தில் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்!