மேடையின் வாசல் எந்தப் பக்கம்?

 

மதரஸா ஆண்டு விழாக்களிலும் மீலாது விழாக்களிலும் மாணவர்கள் நடத்தும் உரையாடல் நிகழ்ச்சிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரதட்சணையின் கொடுமை, வட்டியின் தீமை, கல்வியின் சிறப்பு என்று நல்ல பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளும் பல நாள் பாடுபட்டு மனனம் செய்கிறார்கள். ஆனால், அடுத்த முறை மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தைச் சற்றுக் கவனியுங்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஜமாஅத் நிர்வாகிகளும் சிறப்பு விருந்தினர்களும் அமர்ந்திருப்பார்கள். மீன் விற்பவரும் சுமை தூக்குபவரும் ஓரமாக நின்றிருந்து, தம் பிள்ளை பேசி முடித்ததும் புறப்பட்டுவிடுவார்கள். திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கோ ஒலிபெருக்கியின் ஓசை மட்டுமே மிச்சம். வரதட்சணைக்காக வீட்டை விற்றவர்களும், வட்டியில் சிக்கித் தவிப்பவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய துன்பத்தைப் பேசும் நிகழ்ச்சி அவர்களுக்கே எட்டாமல் போகிறது.

"நம் மக்களுக்குக் கலையார்வம் இல்லை" என்று பழியை அவர்கள் மீது போட்டுவிடுவது எளிது. உண்மையில், எவருக்காக நாடகம் போடுகிறோமோ அவர்கள் பக்கம் அதன் வாசல் திறந்திருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஆப்பிரிக்கக் கண்டத்தின் இரு நாடுகள், இரு எழுத்தாளர்கள் வழியாக இக்கேள்விக்குக் கண்ட விடைகளை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

குகைத் தோழர்களும் கெய்ரோ மக்களும்

முதலாவது எகிப்து. நவீன அரபு நாடகத்தின் முன்னோடிகளுள் தலையாயவர் தவ்ஃபீக் அல்-ஹகீம். 1987 இல் மறைந்த அவர், இளமையில் சட்டம் பயிலப் பாரிஸ் சென்று, அங்கே நாடகக் கலையில் தோய்ந்து திரும்பியவர். 1933 இல் 'அஹ்லுல் கஹ்ஃப்' என்னும் நாடகத்தை அவர் வெளியிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதுகின்ற கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் குகைத் தோழர்களின் வரலாறே அதன் கரு. அறிஞர் உலகம் அதைப் பெரிதும் பாராட்டியது. 1935 இல் எகிப்தின் தேசிய நாடகக் குழு தொடங்கப்பட்டபோது, முதல் நாடகமாக அதையே மேடையேற்றியது.

சிறு வயது முதல் மக்கள் கேட்டு வளர்ந்த வரலாறு அது. இருந்தும் அந்த நாடகம் பொதுமக்களிடம் எடுபடவில்லை. பாத்திரங்கள் இலக்கண அரபியில் நீண்ட நேரம் உரையாடினார்கள். காலம் என்றால் என்ன, காலத்தை மனிதன் வெல்ல முடியுமா என்னும் தத்துவச் சிக்கல்களே பேச்சாக இருந்தன. கண்ணுக்கு முன்னே நிகழ்வது குறைவாக இருந்தது. இத்தகைய தம் நாடகங்களை 'மனத்தின் அரங்கு' என்றே அல்-ஹகீம் குறிப்பிட்டார். அதாவது, படிப்பவரின் உள்ளத்தில் நிகழ்வதற்காக எழுதப்பட்டவை.

தெரிந்த கதையாக இருந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். மார்க்க வரலாற்றை எடுத்துக்கொண்டாலே மக்கள் ஒன்றிவிடுவார்கள் என்று எண்ணி, அகராதியைப் புரட்டி வசனம் எழுதும் நம் ஆசிரியப் பெருமக்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அல்-ஹகீம் அதோடு நின்றுவிடவில்லை. 1956 இல் 'அஸ்ஸஃப்கா' என்ற நாடகத்தை எழுதினார். 'பேரம்' என்பது அதன் பொருள். அந்நிய நிறுவனம் ஒன்று விற்கும் நிலத்தை வாங்குவதற்காக ஓர் ஊரின் ஏழை உழவர்கள் காசைக் கூட்டிச் சேர்க்கிறார்கள். அவ்வேளையில் பெரும் நிலக்கிழார் ஒருவர் தற்செயலாக அங்கே வந்து சேர, நிலத்தைத் தட்டிப் பறிக்கவே வந்திருக்கிறார் என்று அவர்கள் அஞ்சி, அவரை விலக்கிவைக்கப் பணம் கொடுக்கிறார்கள். அவரோ அவ்வூர்ப் பெண் ஒருத்தியையும் தம் வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்கிறார். அந்தப் பெண் அங்கே சென்று, தனக்குக் காலரா கண்டுவிட்டது போல் நடித்து, அந்த வீட்டாரையே தனிமைப்படுத்தி வைக்கச் செய்து, தன் மானத்தோடு ஊர் திரும்புகிறாள்.

இந்தக் கதையை எந்த உழவரும் தம் கதையாகவே காண்பார். அதைவிட முக்கியமானது மொழி. ஏட்டில் படித்தால் இலக்கணம் வழுவாமலும், ஓர் உழவரின் வாயில் கேட்டால் அன்றாடப் பேச்சைப் போலவும் அமையும் நடை ஒன்றை அவர் முயன்றார். அதற்கு 'மூன்றாவது மொழி' என்று பெயரிட்டார். திரைச்சீலையோ ஓவியக் காட்சிகளோ இல்லாமல், ஊர்த் திடலிலேயே நடத்தத்தக்க விதமாகவும் அந்நாடகத்தை அமைத்தார். அரங்குக்கு மக்கள் வராவிட்டால் மக்களிடம் அரங்கு செல்லட்டும் என்ற முடிவுக்கு அந்தப் பேரறிஞர் வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

கமிரீத்து கிராமம்

இரண்டாவது கென்யா. மக்களின் மொழியில் ஒருவர் எழுதித் தருவது ஒரு படி என்றால், மக்களே சேர்ந்து எழுதிக்கொள்வது அடுத்த படி. தலைநகர் நைரோபிக்கு அருகே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த லிமுரு வட்டாரத்தில் கமிரீத்து என்றொரு கிராமம் உண்டு. கூகி வா தியாங்கோ என்ற எழுத்தாளரின் வட்டாரம் அது. ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்று, நைரோபி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர். 1976 இல் அக்கிராமத்துப் பெண்மணி ஒருவர் அவருடைய வீட்டுக்கு வந்து, "நீங்கள் பெற்ற கல்வியை ஊருக்கும் தரக்கூடாதா?" என்னும் கருத்துப்பட வேண்டினார். அவர் இசையும் வரை மீண்டும் மீண்டும் வந்தார். அங்கே முதியோருக்கு எழுத்தறிவு வகுப்பு நடந்தது. அதைத் தொடர்ந்தே நாடகம் பிறந்தது.

கூகியும் அவருடைய நண்பர் கூகி வா மிரீயும் சேர்ந்து, மக்கள் பேசும் கிக்கூயூ மொழியில் ஒரு வரைவை எழுதினார்கள். 'நான் விரும்பும்போது மணந்துகொள்வேன்' என்பது நாடகத்தின் தலைப்பு. கிகுண்டா என்ற ஏழைத் தொழிலாளியிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர் நிலம். செல்வந்தர் குடும்பம் ஒன்று, அவன் மனைவியோடு வாழும் வாழ்வு சடங்கு முறைப்படி அமையவில்லை என்று குறை சொல்லி, ஆடம்பரமாக மணச்சடங்கு நடத்தத் தூண்டுகிறது. அதற்காக நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்குகிறான். முடிவில் நிலம் கைநழுவுகிறது. அன்புத் தாய்மார்களே, நிக்காஹ் விருந்துக்காகவும் சீர்வரிசைக்காகவும் பத்திரத்தை அடகு வைத்த குடும்பம் எதுவும் உங்கள் நினைவுக்கு வருகிறதா? கடல் கடந்த நாட்டில், வேறு மதத்தைப் பின்பற்றும் மக்களிடையே பிறந்த கதை நம் தெருவின் கதையாக இருக்கிறது!

வரைவு ஊர் மக்கள் முன் படிக்கப்பட்டது. அவர்கள் கேட்டுவிட்டுக் கை தட்டி எழுந்து போகவில்லை, திருத்தம் சொன்னார்கள். ஒரு முதியவர் இப்படிப் பேசமாட்டார், இந்தச் சடங்கில் பாட்டு இந்த முறையில்தான் வரும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். தொழிற்சாலையில் வேலை எப்படி நடக்கும் என்பதைத் தொழிலாளர்களே விளக்கினார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான போராட்டக் காலத்தில் உண்மையான துப்பாக்கிகளைச் செய்தவர்களே, நாடகத்துக்குப் பொய்த் துப்பாக்கிகளைச் செய்து தந்தார்கள். அரங்கத்தையும் ஊராரே கட்டினார்கள். அரைவட்ட மேடை, பின்னால் மூங்கில் சுவர், படிக்கட்டு போல் அமைந்த மர இருக்கைகள், கூரை கிடையாது.

ஒத்திகை மூடிய அறைக்குள் நடக்கவில்லை என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். வேலை முடிந்து வீடு திரும்புவோர் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் கருத்துச் சொன்னார்கள். கருத்துச் சொன்னவர்களில் சிலர் நடிக்கவும் செய்தார்கள். அரங்கேறும் நாளுக்கு முன்பே அது ஊரின் நாடகமாகிவிட்டது. 1977 அக்டோபர் 2 அன்று அரங்கேறியபோது மக்கள் திரண்டு வந்தார்கள். ஆறு வாரங்களுக்குள், நவம்பர் நடுவில், அரசு அனுமதியை ரத்து செய்தது. ஆண்டின் கடைசி நாளில் கூகி கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டார். 1982 இல் அந்தத் திறந்தவெளி அரங்கமே இடித்துத் தள்ளப்பட்டது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்களுக்காக அரசு அவரைச் சிறையில் அடைக்கவில்லை. எளிய மக்கள் தம் வாழ்வைத் தம் மொழியில் மேடையில் பேசியபோதே அதிகாரம் அஞ்சியது. கூகி 2025 இல் காலமானார்.

நம் முன்னோர் வழி

'இதெல்லாம் நமக்குப் புதிது' என்று யாரும் எண்ண வேண்டாம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூலாகக் கருதப்படும் ஆயிர மசலா (1572), கேள்வியும் பதிலுமாக அமைந்ததே. மசலா, கிஸ்ஸா, நாமா என்று நம் புலவர்கள் ஆக்கித் தந்த வகைகள் பலவும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஓத, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பதற்கு ஏற்றவை. சீறாப்புராணத்தை இரவு நேரங்களில் ஓதி, எளிய தமிழில் விரிவுரை சொல்லும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. செய்யுள் உயர்ந்ததாகவே இருக்கும். விளக்கம் கேட்பவரின் தரையில் வந்து உட்காரும். அலிபாதுஷா நாடகம் போன்ற நாடக நூல்களும் நம் இலக்கியச் செல்வத்துள் அடங்கும்.

ஓர் ஐயம்

"நாடகம் மார்க்கத்துக்கு உகந்ததா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமைக் கலந்துகொள்வதே முறை. நபிமார்களையும் ஸஹாபாப் பெருமக்களையும் வேடமிட்டுக் காட்டுவதைத் தவிர்ப்பதும், ஆபாசத்துக்கும் ஆண் பெண் வரம்பு மீறலுக்கும் இடம் தராததும், யாரையும் இழிவுபடுத்தாததும் நம் எல்லைகள். அந்த எல்லைக்குள் நின்று, காட்சி வழியாகக் கற்பித்தலை நம் மார்க்கம் அறியும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் வெண்ணிற ஆடை அணிந்த மனிதராக வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் பற்றி வினவி, சூழ்ந்திருந்த தோழர்களுக்கு மார்க்கத்தைக் கற்பித்த ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். அதை நாடகம் என்று நான் கூறவில்லை. கேள்வியும் பதிலும் கண்ணெதிரே நிகழும்போது பாடம் நெஞ்சில் பதிகிறது என்பதற்குச் சான்றாகவே கூறுகிறேன். இறைத்தூதர் ஒவ்வொருவரும் அவரவர் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்று இப்ராஹீம் அத்தியாயம் உணர்த்துவதையும் எண்ணிப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, பொருளை மேடையேறுவோர் தேர்ந்தெடுக்க வேண்டாம். பார்க்கப் போகிறவர்கள் சொல்லட்டும். விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே பெண்கள் பயான் மஜ்லிஸில் கேளுங்கள். விசா வாங்கித் தருவதாகப் பணம் பறித்தவனைப் பற்றி ஒருவர் சொல்வார். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட மகளைப் பற்றி இன்னொருவர் சொல்வார். நாடகம் அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாவதாக, வசனம் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். வாப்பாவும் உம்மாவும் வாப்பாவாகவும் உம்மாவாகவும் பேசட்டும், அவர்களைத் 'தந்தையே! தாயே!' என்று பேச வைக்காதீர்கள். செந்தமிழுக்கு வேறு இடம் உண்டு. இந்தப் பத்தியே அதற்குச் சாட்சி.

மூன்றாவதாக, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எவரையும் ஒதுக்காதீர்கள். ஓதக் கேட்டு, திரும்ப ஓதி, நெஞ்சில் நிறுத்தும் முறை மதரஸாவுக்குப் புதிதன்று. வசனத்தையும் அவ்வாறே சொல்லிக் கொடுக்கலாம். நடிக்கக் கூச்சப்படுபவரிடம், பந்தல் போடவும் பொருள்கள் சேர்க்கவும் உதவி கேளுங்கள். கையால் உதவியவர் கண்ணால் பார்க்க வராமல் இருக்கமாட்டார்.

நான்காவதாக, அஸருக்குப் பின் மதரஸா முற்றத்தில் கதவைத் திறந்து வைத்து ஒத்திகை பாருங்கள். பீடி சுற்றும் பெண்ணைப் பற்றிய காட்சி என்றால், ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, அதில் எத்தனையைக் கழித்துத் தள்ளுகிறார்கள் என்பதை அந்த வேலை செய்யும் பெண்ணே வந்து திருத்தட்டும். விழா நாளில், தாய்மார்கள் மேடையைக் காணும்படி பக்கவாட்டில் தனியிடம் அமையுங்கள். திரை அவர்களுடைய கண்ணியத்தைக் காக்கட்டும், காட்சியை மறைக்க வேண்டாம்.

கடைசியாக, முடிவை நீங்களே சொல்லிவிடாமல் கூட்டத்திடம் கேளுங்கள். பிரேசில் நாட்டு நாடக ஆசிரியர் அகஸ்டோ போவால், 1973 இல் பெரு நாட்டு எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றியபோது நடந்ததை எழுதியிருக்கிறார். எழுத்தறியாத மனைவியிடம் கணவன் சில தாள்களைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்கிறான். பிறகு அண்டை வீட்டாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், அவை வேறொரு பெண் அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள்! இந்த மனைவி என்ன செய்ய வேண்டும் என்று கூட்டத்திடம் கேட்டார்கள். ஒரு பெண்மணி ஒரு வழி சொன்னார். நடிகை எத்தனை முறை நடித்துக் காட்டியும் அவருக்கு நிறைவில்லை. இறுதியில் அவரே மேடையேறித் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார்! துடைப்பத்தை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால், அதுவரை பார்வையாளராக மட்டும் இருந்தவர் தம் கருத்தைத் தாமே மேடையில் நின்று காட்டினார் என்பதைக் கவனியுங்கள். படிக்கத் தெரிந்திருந்தால் அந்த மனைவி ஏமாந்திருக்கமாட்டார் என்பதையும், யாரும் சொற்பொழிவாற்றாமலேயே கூட்டம் உணர்ந்திருக்கும்.

அன்புச் சகோதரர்களே! விழாவுக்கு வசூலாகும் பணத்தில் பெரும்பகுதி வண்ண விளக்குக்கும் சால்வைக்கும் போகிறது. மேற்சொன்னவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. வேண்டுவது காது கொடுத்துக் கேட்கும் மனம். தம் துன்பத்தை நாலு பேர் முன் சொல்லத் தெரிந்துகொண்ட பெண் நாளை ஜமாஅத்துக்கு மனு எழுதவும் அஞ்சமாட்டாள். தன் மகளின் படிப்பை நிறுத்தவும் இசையமாட்டாள். இந்த ஆண்டு விழாக் குழு கூடும்போது, முன்வரிசைக்கு யாரை அழைப்பது என்று பேசுவதற்கு முன்பாக, கடைசி வரிசையில் நிற்பவர்கள் எதைக் காண விரும்புகிறார்கள் என்று ஒருவராவது கேளுங்கள்.

கற்றதைப் பிறர்க்கு எட்டும்படி எடுத்துச் சொல்லும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.