நோட்டு எழுதினா ஹேக்கர் ஓடிருவானா?

மருதமுனையில தறியில உட்காராமல் நெசவு பழகின ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம். ஆனா கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் சைபர் பாதுகாப்பு வகுப்பு என்றால், சேர் சொல்லச் சொல்ல நோட்டு எழுதுறதுதான். "மால்வெயார் என்றால் என்ன? ஐந்து வகை தருக." கடைசியில ஒரு சேர்டிபிகட், ஒரு குரூப் போட்டோ.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் போயின. மீட்க பேக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்ததோ காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013. பேக்கப் வேணும், அப்டேட் வேணும் என்று அங்க யாருக்கும் தெரியாதா? தெரியும். செய்யத்தான் இல்லை. எங்கட வகுப்புகளும் தெரிந்த, ஆனா செய்யாத ஆட்களைத்தான் உருவாக்குது.

"ஹேக்கிங் பழக்கினா பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்பாங்க. அனுமதியில்லாமல் அடுத்தவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுங்க. பிறகு பழகவென்றே கட்டின இடத்துக்குக் கூட்டிப்போங்க.

ஓவர் த வயர் தளத்தின் 'பேண்டிட்' அப்படியான ஒரு இலவச விளையாட்டு. ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான பாஸ்வேர்டைத் தேடணும். ஆரம்பத்திலேயே ஒரு ஃபைல் வரும், பெயர் வெறும் ஒரு சின்னக் கோடு. வழக்கமான கட்டளையால் திறக்கப்போனா திரை அப்படியே நிக்கும். ஏன் நிக்குது என்று ஒரு மணித்தியாலம் மண்டையை உடைச்ச பிள்ளைக்கு, கணினி நாம நினைக்கிறதை இல்லை, எழுதுறதைத்தான் கேட்கும் என்பது சாகும்வரை மறக்காது. இதை எந்த நோட்டு தரும்?

லெப்டொப் இல்லையா? அன்ட்ரொய்ட் போனில டேர்மக்ஸ் போதும். வெறும் எழுத்துத்தான், டேட்டாவும் பெரிசாப் போகாது.

வீட்டுப்பாடமும் இருக்கு. உம்மாட வாட்ஸ்அப்பில இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்க. ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், சொந்த மாமாவே கேட்டாலும், ஏன் குடுக்கக்கூடாது என்று அவங்களுக்கு விளங்கப்படுத்துங்க. விளங்கப்படுத்த முடியலையென்றால் நமக்கே விளங்கலை.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கு. அங்க தொழினுட்பம் படிக்கிற நானாமாரும் ராத்தாமாரும் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் தந்தாலே ஒரு ஊருக்கு ஒரு வகுப்பு ஓடும். அதுவரைக்கும், அடுத்த முறை யாராவது சைபர் கோர்ஸ் என்று நோட்டீஸ் நீட்டினால், காசு கட்டுமுன் ஒன்றைக் கேளுங்க: "இதில நாங்க கையால செய்யிறது எத்தனை மணித்தியாலம்?" பதில் இல்லையென்றால் நோட்டீஸைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க.