பால்வாடி டீச்சருக்குக் கூலியா, கும்பிடா?

மத்திய சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் விசித்திரமான சொல் ஒன்று இருக்கிறது. 'மதிப்பூதியம்' என்பது அந்தச் சொல். மில்லில் தறி ஓட்டுகிறவருக்குக் கொடுப்பது சம்பளம். வயலில் நாற்று நடுகிற பெண்ணுக்குக் கொடுப்பது கூலி. பால்வாடியில் நம் குழந்தைகளுக்கு முதல் பாடம் சொல்லித் தரும் டீச்சருக்குக் கொடுப்பது சம்பளமும் அல்ல, கூலியும் அல்ல, மதிப்பூதியமாம்! அவர் வேலை செய்யவில்லை, சேவை செய்கிறார். சேவைக்கு விலை பேசக் கூடாது. மதித்து ஏதோ கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ளட்டும் என்பதே இதன் தாத்பரியம்.

அந்த மதிப்பு எவ்வளவு என்று பார்ப்போம். 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் அங்கன்வாடி ஊழியரின் மதிப்பூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆகவும், உதவியாளரின் தொகையை 1,500லிருந்து 2,250 ஆகவும் உயர்த்தியது. அதன்பின் 2024 முடியும்வரை இந்தத் தொகை ஒரு பைசாவும் ஏறவில்லை. அரிசி ஏறியது, பருப்பு ஏறியது, காஸ் சிலிண்டர் ஏறியது. மதிப்பு மட்டும் ஏறவில்லை. 4,500 ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 150 ரூபாய். ஆயாம்மாவுக்கு 75 ரூபாய். 2024-25ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். அது போதாது என்று விவசாயத் தொழிலாளர்கள் போராடி வருகிறார்கள்; முற்றிலும் நியாயம். அந்தப் போதாத கூலியில் பாதியைக்கூட டீச்சருக்குக் கொடுக்க டில்லிக்கு மனம் வரவில்லை.

மாநில சர்க்கார் தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்கிறது, மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் டீச்சர்கள் வாங்குவது பல மாநிலங்களைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'சிறப்புக் காலமுறை ஊதியம்'. சர்க்கார் ஒரு நல்ல சொல்லுக்கு முன்னால் 'சிறப்பு' என்று போட்டால், எதையோ குறைக்கப் போகிறார்கள் என்று தொழிலாளி புரிந்துகொள்ள வேண்டும். மற்ற உத்தியோகஸ்தர்களின் காலமுறை ஊதியம் வேறு, இது வேறு. 2025 ஏப்ரலில் 7,783 காலியிடங்களை நிரப்ப உத்தரவு வந்தது. புதிதாக வரும் டீச்சர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். உதவியாளர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், மாதம் 4,100. பழைய ஊழியர்களுக்கு அகவிலைப்படி சேர்ந்து கொஞ்சம் கூடும். வேலையை விட்டு வீட்டுக்குப் போனபின் பல ஆண்டுக்காலம் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய்.

இந்தப் பணத்துக்கு அவர்கள் செய்யும் வேலை என்ன?

தூத்துக்குடிக் கரையை எடுத்துக்கொள்வோம். திரேஸ்புரத்திலும் தருவைக்குளத்திலும் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் பெண்கள் விடியுமுன்பே அளத்துக்குப் போய் உப்பு வாருகிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ். இந்த வீடுகளில் மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பால்வாடி இல்லையென்றால் அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாள். அல்லது குழந்தை பாத்திக் கரையிலே வெயிலில் கிடக்கும். 1980களில் விடியுமுன்பே பஸ் வந்து கிராமத்துக் குழந்தைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போனதை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தக் குழந்தைகளுக்குக் குச்சி அடுக்கத்தான் தெரிந்திருந்தது.

சோறு போட்டுத் தூங்கவைப்பதுதானே பால்வாடி வேலை என்று நம் தோழர்கள் சிலரே பேசுகிறார்கள். ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் வாயே திறக்காத குழந்தையைப் பேசவைக்க வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் சோழியையும் கொட்டி, பெரிது எது, சிறிது எது என்று பிரிக்கச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கையில் தொட்டு எண்ணவைக்க வேண்டும். அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும். பென்சில் பிடிக்கத் தெரியாத விரல்களுக்கு மண்ணை உருட்டக் கொடுத்துப் பழக்க வேண்டும். இதற்காக 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தையே சர்க்கார் போட்டிருக்கிறது. நல்ல திட்டம்தான். நூல் அறுந்தால் முடிபோட எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று மில் தொழிலாளிக்குத் தெரியும். மூன்று வயதுக் குழந்தையின் கவனம் அதைவிடச் சீக்கிரம் அறும்.

ஆனால் டீச்சரைப் பாடம் நடத்த விடுகிறார்களா? குழந்தைகளை எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், தடுப்பூசிக்கு ஆள் கூட்ட வேண்டும். 2021 முதல் எல்லாவற்றையும் 'போஷன் டிராக்கர்' என்று செல்போனில் ஏற்ற வேண்டும். 2025ல், சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் போட்டோ பிடித்து, அவள்தான் அவள் என்று போன் ஒப்புக்கொண்டால்தான் மாவு என்றார்கள். பக்கத்துத் தெருப் பெண்ணை டீச்சருக்குத் தெரியும், போனுக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. அதற்கும் டீச்சர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். அத்தனை நாளும் சிப்பியும் சோழியும் டப்பாவில்தான்.

இதனால் யாருக்கு நஷ்டம்? நமக்குத்தான். பால்வாடியில் படிப்பு இல்லை என்று நினைத்து, கடன் வாங்கியாவது நர்சரியில் சேர்க்கிற தொழிலாளி எத்தனை பேர்! இதை உணர்ந்துதான் 2019ல் மாநில சர்க்கார் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் திறந்தது. 2022ல் அவற்றை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. ஜனங்கள் எதிர்த்தார்கள், அறிவிப்பு வாபஸ் ஆயிற்று. சரி, வகுப்புக்கு ஆசிரியர்? மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்! நர்சரி முதலாளி கொடுக்கிற அடிமாட்டுச் சம்பளத்தைக் கண்டிக்க வேண்டிய சர்க்காரே அவனுக்கு வழிகாட்டியது.

இந்த அலட்சியத்துக்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 45வது ஷரத்து முதலில் பதினான்கு வயது நிரம்பும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. 2002ல் 86வது திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கோ, அரசு முயற்சி செய்யும் என்ற வார்த்தைதான் மிஞ்சியது. குழந்தைக்கு உரிமை இல்லை. ஆகவே டீச்சருக்கு உத்தியோகம் இல்லை. ஆனால் 2020ன் தேசியக் கல்விக் கொள்கையைப் புரட்டினால், மூளை வளர்ச்சியில் 85 சதவிகிதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள்! 85 சதவிகித வளர்ச்சிக்குப் பொறுப்பான டீச்சருக்கு நாளுக்கு 150 ரூபாய்.

அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்தில் 1962ல் ஒரு பரீட்சை நடந்தது. ஏழை நீக்ரோ மக்களின் குழந்தைகள் 123 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மூன்று நான்கு வயதிலேயே நல்ல பாலர் கல்வி கொடுத்தார்கள். நாற்பது வயதுவரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பாலர் பள்ளிக்குப் போனவர்கள் அதிகம் படித்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், சிறைக்குப் போனது குறைவு. இந்தக் கதையை நம் அதிகாரிகள் மாநாட்டுக்கு மாநாடு சொல்லுகிறார்கள். அங்கே பாடம் சொன்னவர்கள் பயிற்சி பெற்று, பள்ளி ஆசிரியருக்குரிய சம்பளம் வாங்கியவர்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கோர்ட்டுகளின் போக்கும் மாறித்தான் வருகிறது. 2006ல் சுப்ரீம் கோர்ட், அங்கன்வாடி வேலை சர்க்கார் உத்தியோகம் ஆகாது என்றது. 2022 ஏப்ரலில் அதே கோர்ட், குஜராத் ஊழியர்கள் தொடுத்த வழக்கில், மதிப்பூதியமும் சம்பளமே, 1972ன் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் குஜராத் ஹைகோர்ட், ஊழியருக்கு 24,800 ரூபாயும் உதவியாளருக்கு 20,300 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டும் என்றது. இதற்கெல்லாம் முன்பே, 2013ல் 45வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இவர்களைத் தொழிலாளிகளாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் கொடுக்கச் சிபாரிசு செய்தது. சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்த மாநாடு அது. சிபாரிசு அலமாரியில் தூங்குகிறது.

சேவை என்று சொல்லுகிறவர்களின் வேஷம் ஆந்திராவில் கலைந்தது. 2023 டிசம்பரில் அங்கே ஊழியர்களும் உதவியாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கி 42 நாள் நின்றார்கள். அத்தியாவசியப் பணிச் சட்டத்தை அவர்கள் மேல் ஏவினார்கள். சம்பளம் கேட்டால் தொண்டர். வேலையை நிறுத்தினால் அத்தியாவசிய ஊழியர்! இரண்டில் எது என்று சர்க்கார் ஒரு முடிவுக்கு வரட்டும்.

முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் வெள்ளைக்காரன்கூட, மூழ்கி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் மீதியை ஏலம் போட்டான். அந்தப் பங்கும் அநியாயம்தான். இருந்தாலும் அதைப் பங்கு என்றான், மதிப்பு என்று சொல்லி ஏமாற்றவில்லை. 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக் குளிப்பும் இல்லை.

இதே தூத்துக்குடியில்தான் 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஒன்பது நாளில் வெள்ளைக்கார நிர்வாகம் பணிந்து, கூலியை உயர்த்தி வார விடுமுறையும் கொடுத்தது. ஒன்பது நாளும் அவர்கள் தாக்குப்பிடித்தது எப்படி? ஊர் ஜனங்கள் சோறு போட்டார்கள். தாங்கள் மில்லில் வேலை பார்க்கவில்லையே என்று ஒதுங்கவில்லை.

பால்வாடி டீச்சரும் ஆயாம்மாவும் வேற்று ஆட்கள் அல்ல. நம் தெருவில் இருப்பவர்கள், பலர் நம் வீட்டுப் பெண்களே. அவர்கள் போராட்டம் நடத்துகிற நாளில் பால்வாடி பூட்டியிருந்தால் நமக்குக் கஷ்டம்தான். ஒருநாள் கூலி போகும். அந்த ஒருநாள், அவர்கள் இல்லாவிட்டால் நாம் கூலிக்கே போக முடியாது என்பதற்குக் கணக்கு. அளத்துக்குப் போகும் பெண்களுக்காக விடியற்காலையிலேயே பால்வாடி திறக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானது. ஆனால் அதை அதே டீச்சர் தலையில் கட்டக் கூடாது. இரண்டாவது ஷிப்டுக்கு இரண்டாவது ஆளைப் போடச் சொல்லிச் சர்க்காரிடம்தான் கேட்க வேண்டும்.

மே 1 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. விவசாயத் தொழிலாளர்கள் திரளாகப் போக வேண்டும். அங்கன்வாடி ஊழியரையும் உதவியாளரையும் தொழிலாளிகளாக ஏற்று, குறைந்தபட்சச் சம்பளமும் பணிக்கொடையும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். வாக்காளர் பட்டியல் வேலைக்கு டீச்சரை இழுக்கக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். நகரத்து மில் தொழிலாளிகள் இதே தீர்மானத்தைத் தங்கள் சங்கக் கூட்டத்தில் போட்டுக் கலெக்டருக்கு அனுப்பலாம். உங்கள் ஊர்ப் பால்வாடியில் இடம் காலியாக இருந்தால், எந்தத் தேதியிலிருந்து காலி, பக்கத்து ஊர் டீச்சர் எத்தனை மாதமாக இரண்டு இடத்தையும் சேர்த்துப் பார்க்கிறார் என்பதைத் தேதியும் மாதமும் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.