மீன் பண்ணைக்கு முதல் முதலீடு பயிற்சியே!

வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, என்ன தொழில் தொடங்கலாம்?" மளிகைக் கடை, உணவகம், மனை வணிகம் என்று நீளும் பட்டியலில் இப்போது இறால் பண்ணையும் மீன் பண்ணையும் சேர்ந்துள்ளன.

ஆசைப்படுவதில் தவறில்லை. மீன் வளர்ப்பில் சீனாவுக்கு அடுத்து உலகில் இரண்டாம் இடத்தில் இருப்பது நம் நாடு. 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி சுமார் 184 லட்சம் டன். அதில் ஏறத்தாழ 139 லட்சம் டன் கடலிலிருந்து வந்ததல்ல. குளம், ஏரி, பண்ணை உள்ளிட்ட உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. ஆனால், பக்கத்து ஊரில் ஒருவர் ஒரு போகத்தில் லாபம் பார்த்தார் என்பதை மட்டுமே நம்பிப் பல ஆண்டுச் சேமிப்பைக் குளத்தில் இறக்கலாமா? அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

ஆராய்ச்சி தந்த தொழில்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10ஆம் தேதி தேசிய மீன் வளர்ப்போர் தினம் கொண்டாடப்படுகிறது. 1957இல் அதே நாளில், ஒடிசாவின் அங்குல் என்ற இடத்தில், விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றிய டாக்டர் கே.எச். அலிகுஞ்ஞியும் கெண்டை மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைப்பதில் வெற்றி கண்டனர். அதற்கு முன் மீன் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்று வெள்ளத்தில் வலை விரித்துப் பிடிக்க வேண்டும். இன்று கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் விலைக்கு வாங்க முடிகிறதென்றால் அதற்கு வழி திறந்தது அந்த ஆராய்ச்சிதான்.

அறிவைப் பின்னுக்குத் தள்ளி ஆசை முன்னே ஓடினால் என்ன ஆகும் என்பதையும் நம் கடற்கரை பார்த்துவிட்டது. 1990களில் இறால் பண்ணைகள் புற்றீசல் போல் முளைத்தன. வெண்புள்ளி நோய் வந்து, சில நாள்களிலேயே குளம் குளமாக இறால்கள் செத்தன. மறுபக்கம், விளைநிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்று மக்கள் போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. கடலோரப் பண்ணைகள் ஆணையத்தில் பதிவு செய்வது இன்று கட்டாயம்.

2009இல் வன்னாமி இறாலுக்கு அனுமதி கிடைத்ததும் தொழில் மீண்டும் சூடுபிடித்தது. அதிலும் ஆபத்து உண்டு. வன்னாமி பெரும்பாலும் ஏற்றுமதியை நம்பியிருக்கிறது; அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அந்நாடு இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, வாஷிங்டனில் எடுத்த முடிவு நம்மூர்ப் பண்ணை வரை எட்டியது. ஒரே இனத்தையும் ஒரே சந்தையையும் நம்பக்கூடாது என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

வாசலில் இருக்கும் நிறுவனங்கள்

மாற்று வழிகளுக்கான ஆராய்ச்சி நம் வாசலிலேயே நடக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே கொடுவா மீனைப் பண்ணையில் வைத்து இனப்பெருக்கம் செய்து காட்டியது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010இல் கடல் விராலையும் 2011இல் பொம்பனோவையும் குஞ்சு பொரிக்க வைத்தது. கடலில் கூண்டு அமைத்து மீன் வளர்க்க இவை ஏற்றவை. சீர்காழியில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும், நாகப்பட்டினத்தில் 2012இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகமும், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் உள்ளன.

நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் மக்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. ஆனால், பயிற்சிக்கு நம் வீடுகளிலிருந்து எத்தனை பேர் போகிறோம்?

பயிற்சி என்றால் சான்றிதழ்த் தாள் என்று எண்ணிவிட வேண்டாம். குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்பு. இது தெரிந்தவர் அந்நேரத்தில் ஏரேட்டரை ஓடவிடுவார். தெரியாதவர் காலையில் செத்து மிதக்கும் மீனைப் பார்ப்பார். செலவில் ஏறத்தாழ பாதியைத் தீவனமே விழுங்கும். மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி அமோனியாவாக மாறும். நோய்க்குப் பயந்து தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக்கைக் கலந்தால், ஏற்றுமதிக்குப் போன சரக்கு திரும்பி வரும். குஞ்சுகளை வாங்குமுன் ஆய்வகத்தில் சோதிப்பது, மண்ணையும் நீரையும் பரிசோதிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவையே.

பணமும் பங்காளியும்

2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. இப்படிப்பட்ட திட்டங்களின் இன்றைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறியலாம். மானியத்தை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. மீதித் தொகைக்கு வட்டிக்கடனைத் தவிர்க்க விரும்புவோர், நான்கைந்து பேர் சேர்ந்து லாப நட்டம் இரண்டையும் பகிரும் கூட்டுத் தொழிலாகச் சிறிய அளவில் தொடங்கலாம். கூட்டில் ஒருவராவது முறையாகப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பையும் யோசிப்போம். பிளஸ் டூ உயிரியல் படித்தவர்கள் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் சேரலாம். தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு அரசுப் பல்கலைக்கழகத்தில் நமக்குள்ள வாய்ப்பு. மருத்துவம், பொறியியலைத் தாண்டி இந்தப் படிப்பைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசுகிறோம்?

ஜமாஅத்துகளும் ஊர் நலச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இந்த மையங்களின் வல்லுநர்களை அழைத்து ஒரு நாள் முகாம் நடத்தலாம். ஆர்வமுள்ள பத்து இளைஞர்களை, பெண்களையும் சேர்த்து, பயிற்சிக்கு அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு குளம் நட்டப்படும் தொகையை விட மிகக் குறைவு.

பாலைவன வெயிலில் சேர்த்த காசு அது. குளத்தில் இறங்கும் முன் சில நாள்கள் வகுப்பில் உட்காருவோம்.