ஆச்சியின் குரலுக்கு ஓர் ஒலிவாங்கி

நெடுந்தீவிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கின்றது. எழுதியவர் சங்கீதம் பயிலும் மாணவி. அவருடைய ஆச்சிக்கு வயது 84. தாலாட்டு, ஒப்பாரி, ஊஞ்சற் பாட்டு எனப் பலவற்றை மனத்திற் சுமந்திருக்கும் அம்மூதாட்டியோடு சேர்ந்து பாடியவர்களிற் சிலர் காலமாகிவிட்டனர். ஏனையோர் கடல் கடந்து போய்விட்டனர். இப்போது ஆச்சிக்கும் இரண்டு பாட்டுக்கு மேல் மூச்சு வாங்குகின்றதாம். வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க என்னென்ன கருவிகள் வாங்கலாம் என்று கேட்டு, கொழும்புக் கடையொன்றின் விலைப்பட்டியலையும் இணைத்திருக்கின்றார். பட்டியலின் தலையில் வீற்றிருப்பது பெரியதொரு கண்டென்சர் ஒலிவாங்கி.

பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் வீட்டைப் பார்ப்போம். ஒலிவாங்கி குரலை மட்டும் கேட்பதில்லை, அறையையும் கேட்கின்றது. ஒவ்வோர் அறையிலும் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்க்க வேண்டும். சீமெந்துச் சுவரும் வழுவழுப்பான தரையும் உள்ள விறாந்தையில் ஓசை கணகணவென்று திரும்பி வரும். துணி அலுமாரியும் பஞ்சு மெத்தையும் நிறைந்த படுக்கையறையில் தட்டிய ஓசை தட்டிய இடத்திலேயே அடங்கிவிடும். அந்த அறையே கூடம். கடையில் விற்கும் மெல்லிய பஞ்சுத் தகடுகள் உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சுமேயன்றி, தாழ்ந்த முழக்கத்தை அசைக்கமாட்டா. அவற்றுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இரண்டு தடித்த கம்பளிகளை வாங்கி ஆச்சியின் முதுகுப்புறம் தொங்கவிடலாம்.

அடுத்தது காற்று. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலை வாசித்தவர்களுக்கு இத்தீவின் காற்றைப்பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. சோளகம் பெயர்ந்தால் பனைகளிற் காவோலைகள் ஓயாமற் சலசலக்கும். மாசி, பங்குனி மாதங்களில், பொழுது விடியுமுன் காற்று அடங்கியிருக்கும் வேளையே உத்தமம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அயலிற் கோயில் திருவிழாவாயின் அன்றைக்குப் பதிவே வேண்டாம். ஒலிபெருக்கியோடு போட்டியிட எந்தக் கருவியாலும் இயலாது.

இனி ஒலிவாங்கிக்கு வருவோம். கண்டென்சர் வகை மிக நுண்மையானது. இயங்குவதற்கு 48 வோல்ற் மின்னழுத்தம் வெளியிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். ஆச்சியின் மூச்சையும் கேட்கும். வேலிக்கு அப்பால் நிற்கும் ஆட்டையும் கேட்கும். ஈரமும் உப்பும் அதற்கு ஆகா. டைனமிக் வகையோ காந்தமும் சுருளும் கொண்ட எளிய, முரட்டுப் பொறி. 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ஷூர் எஸ்.எம். 58 இந்த வகையைச் சேர்ந்ததுதான். இன்றும் மேடைகளில் அதைக் காணலாம். வாய்க்கு அருகில் இருப்பதையே அது பெரிதாகக் கேட்கும். மாணவி தாம் பாடிப் பழகுவதற்கு அதுவும், கணினியோடு இணைக்கும் சிறியதோர் இடைமுகப் பெட்டியும் போதும்.

ஆனால் ஆச்சியின் தளர்ந்த குரலுக்கு டைனமிக் வகையைப் பரிந்துரைக்க நாம் தயங்குகின்றோம். நாலு விரற்கடை தூரத்தில் வைத்தாலன்றி அது மெலிந்த குரலைப் பிடிக்காது. ஒலியை மிகையாகப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும். முகத்தருகே ஓர் இரும்புத் தண்டை நீட்டினால் ஆச்சி பாடுவாரா, பயந்து வாய் மூடுவாரா? ஆகவே, பற்றறியில் இயங்கும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றே அவருக்குப் பொருந்தும் என்பது நம் எண்ணம். அதனுள் இருப்பவை சிறிய கண்டென்சர்களே. ஆயினும் தேர்ந்த அறையும் தேர்ந்த வேளையும் அவற்றின் குறையைப் பெரிதும் போக்கிவிடும். மயிரடர்ந்த காற்றுறை ஒன்றை அதற்கு மாட்டி, பாயில் அமர்ந்திருக்கும் ஆச்சியின் முன்னே ஒரு சாண் தொலைவில், வாய்க்கு நேரே அன்றிச் சற்று ஒதுக்கி, சிறு பலகையின்மேல் வைத்துவிட்டால் சிறிது நேரத்தில் அதை அவர் மறந்துவிடுவார். நேரே வைத்தால் பகர எழுத்துக்கள் வெடித்து ஒலிக்கும்.

பதிவு 24 பிற், 48 கிலோ ஹேட்ஸ் அளவில் இருக்கட்டும். ஒப்பாரியிற் குரல் எதிர்பாராது உயருமாதலால் மட்டத்தைத் தாழ்த்தியே வைக்க வேண்டும். பின்னர் உயர்த்திக்கொள்ளலாம், சிதைந்ததைச் சீராக்க இயலாது. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 மெகாபைற் இடத்தைப் பிடிக்கும். காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று அவசியம். குறிகட்டுவானிலிருந்து படகில் வரும்போது கடல்நீர் தெறிக்காதபடி எல்லாவற்றையும் மூடிய பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வைத்துக் கொண்டுவர வேண்டும்.

வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றோர் நாட்டார் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினர். சொற்கள் அதனால் நிலைத்தன. ஆனால் மெட்டை அச்சினாற் பிடித்துவைக்க முடியாது. எனவே "ஆச்சி, இன்னொருக்கால் பாடுங்கோ" என்று பேத்தி கேட்பதையும், "இது ஆர் சொல்லித் தந்தது?" என்ற கேள்விக்கு ஆச்சி சொல்லும் மறுமொழியையும் வெட்டி எறியாமல் வைத்திருக்க வேண்டும். பிரதிகள் மூன்று வேண்டும்; அவற்றுள் ஒன்று தீவுக்கு வெளியே இருப்பது நன்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் இத்தகைய ஒலிப்பதிவுகளையும் பேணி வருகின்றது.

கருவி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். கைத்தொலைபேசியிலேனும் இன்றிரவே, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு தாலாட்டுக்களைப் பதிந்துகொள்ளட்டும்.